பெலவீனமே பாதையானபோது
தீனபந்து சி.எஃப். ஆண்ட்ரூஸ் (1871–1940)

தேவனுடைய ஊழியத்திற்குத் திடமான சரீரமும், கலங்காத மனமும், எவரையும் எதிர்த்து நிற்கும் துணிவும் வேண்டும் என்று அநேகர் எண்ணுகின்றனர். இவை தமக்கு இல்லை என்று கண்டு, ஆரம்பத்திலேயே பின்வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, அதைச் சுமப்பதற்குப் போதுமான கிருபை அருளப்பட்டது. இந்திய மண்ணில் இந்தச் சத்தியத்திற்குச் சாட்சியாக வாழ்ந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ். நோயாளியான சரீரம், எளிதில் உடைந்துபோகும் உள்ளம், கேள்விகளால் அலைக்கழிக்கப்பட்ட மனம் ஆகிய மூன்றும் வாழ்நாள் முழுவதும் அவரோடிருந்தன. அவற்றோடேயே தேவன் அவரைத் தில்லிக்கு அழைத்துவந்தார். அங்கிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிஜித் தீவுகளுக்கும் அனுப்பினார்.

நோயில் வளர்ந்த பிள்ளை

1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஆண்ட்ரூஸ் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் எட்வின் ஆண்ட்ரூஸ், கத்தோலிக்க அப்போஸ்தல சபை என்னும் சிறிய சபையின் ஊழியர். பதினான்கு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். பின்னர் அக்குடும்பம் பர்மிங்காமில் குடியேறியது.

சிறு வயதிலேயே மூட்டுவாதக் காய்ச்சல் சார்லஸைக் கடுமையாகத் தாக்கியது. உயிருக்கே ஆபத்து நேர்ந்த அந்நாட்களில் தாய் இரவும் பகலும் அவர் அருகிலிருந்து பராமரித்தார். மற்ற சிறுவர்கள் ஓடி விளையாடிய காலத்தில் இவர் படுக்கையில் கிடந்தார். தாயின் கரத்தைப் பற்றிக்கொண்டு வேதனையைத் தாங்கிய பிள்ளைக்கு, வேதனையில் கிடக்கும் எவரைக் கண்டாலும் உள்ளம் கசியும் இயல்பு அன்றே உருவாயிற்று.

அந்த வீட்டில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் அவர் இறுதிவரை மறக்கவில்லை. தாயின் பேரிலிருந்த குடும்பச் சொத்தை நிர்வகித்துவந்தவர் தந்தையின் நெருங்கிய நண்பர். அவர் அப்பணத்தைத் தவறான வழியில் இழந்துவிட்டார். வசதியாக வாழ்ந்த குடும்பம் திடீரென்று வறுமைக்குள் தள்ளப்பட்டது. செய்தி வந்த அன்று குடும்ப ஜெபத்தில் தந்தை தம் இழப்பைக் குறித்து முறையிடவில்லை. துரோகம் செய்த அந்த நண்பருக்காகக் கண்ணீரோடு மன்றாடினார். வழக்குத் தொடர உரிமையிருந்தும் தொடரவில்லை. மன்னிப்பு என்பது வலுவற்றோரின் இயலாமையன்று என்பதைச் சிறுவன் சார்லஸ் அன்று தன் கண்ணால் கண்டான்.

முழங்காலில் பிறந்த வாழ்வு

1890ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் சேர்வதற்குச் சற்று முன், ஓர் இரவு படுக்கைக்குப் போகுமுன் வழக்கம்போல் ஜெபிக்க முழங்காற்படியிட்டார். அதுவரை எவருக்கும் தெரியாமல் உள்ளத்தில் மறைத்து வைத்திருந்த பாவத்தின் பாரம் அவரை நசுக்கிற்று. பக்தியுள்ள வீட்டுப் பிள்ளை, படிப்பில் பரிசுகள் பெற்ற மாணவன் என்னும் வெளித்தோற்றம் எதுவும் அந்நேரத்தில் உதவவில்லை. நெடுநேரப் போராட்டத்திற்குப் பின் கிறிஸ்துவின் மன்னிப்பும் சமாதானமும் அவர் உள்ளத்தை நிரப்பின.

இந்த அனுபவம் அவருடைய வாழ்வின் அஸ்திபாரமாயிற்று. 1932ஆம் ஆண்டு, தாம் கிறிஸ்துவுக்குப் பட்ட கடனைப் பற்றி அவர் எழுதிய நூலில் இதை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். தம் சுயநீதி உடைந்த இடத்திலேயே தேவன் தம்மைச் சந்தித்தார் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. வீழ்ந்தவர்களை மேலிருந்து பார்க்கும் கண் அவருக்கு இல்லாமற்போனதன் இரகசியமும் இதுவே.

உடைந்த உடல், பிரிந்த நண்பர்

குருப்பட்டம் பெற்றபின் இலண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள வால்வொர்த் என்னும் ஏழைகளின் குடியிருப்பில் தம் கல்லூரியின் மிஷன் பணியை ஏற்றார். குடியினாலும் வறுமையினாலும் சிதைந்த குடும்பங்களுக்கு மத்தியில் ஓய்வின்றி உழைத்தார். சில ஆண்டுகளிலேயே உடல் தாங்காமல் வீழ்ந்தது. மருத்துவக் காரணத்தால் தம் அன்புக்குரிய ஊழியத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிக் கற்பிக்கும் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்தில் அவருக்கு உயிர்த்தோழராயிருந்தவர் பேசில் வெஸ்ட்காட். டர்ஹாம் பேராயர் வெஸ்ட்காட்டின் குமாரரான இவர், கேம்பிரிட்ஜ் மிஷனைச் சேர்ந்தவராய்த் தில்லியில் ஊழியம் செய்துவந்தார். 1900ஆம் ஆண்டு காலரா நோய் கண்டு அங்கேயே மரித்தார். அந்தச் செய்தி ஆண்ட்ரூஸை நிலைகுலையச் செய்தது. அன்பின்றி வாழ முடியாத உள்ளம் அவருடையது. நேசித்தவர்களை இழக்கும்போதெல்லாம் அது நொறுங்கிற்று. ஆயினும், நண்பர் விட்டுச்சென்ற இடம் வெறுமையாயிருக்கிறது என்னும் எண்ணமே அழைப்பாக மாறிற்று. திடகாத்திரமானவர்களையே மடியச் செய்த தேசத்திற்கு, இந்த நோயாளி புறப்பட்டார். 1904ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி இந்திய மண்ணில் கால்வைத்தார். அந்நாளைத் தம் இரண்டாம் பிறந்தநாளாக அவர் எண்ணிவந்தார்.

காஷ்மீரி கேட்டில் கற்ற பாடம்

தில்லியில் கேம்பிரிட்ஜ் மிஷன் 1881ஆம் ஆண்டு நிறுவிய புனித ஸ்தேவான் கல்லூரி, அந்நாட்களில் காஷ்மீரி கேட் பகுதியில் இருந்தது. அங்கே ஆண்ட்ரூஸ் ஆசிரியரானார். பேரரசின்மேல் ஆழ்ந்த பக்திகொண்ட வீட்டில் வளர்ந்தவர் அவர். ஆங்கிலேயரின் ஆட்சி தேவன் அருளிய நன்மை என்றே இளமையில் நம்பியிருந்தார். அந்த எண்ணத்தை மாற்றியவர் அக்கல்லூரியின் துணைத் தலைவர் சுசீல் குமார் ருத்ரா.

வங்காளக் கிறிஸ்தவரான ருத்ரா, மனைவியை இழந்தவர், அமைதியானவர், ஆழ்ந்த விசுவாசி. அவருடைய வீட்டில் அமர்ந்து பேசிய மாலைப்பொழுதுகளில், ஆளும் இனத்தார் முன் இந்தியக் கிறிஸ்தவர் அனுபவிக்கும் அவமானம் எத்தகையது என்பதை ஆண்ட்ரூஸ் முதன்முறையாக உணர்ந்தார். கற்பிக்க வந்தவர் கற்றுக்கொள்ளும் மாணவரானார். பழைய தில்லியின் முதிய அறிஞரான முன்ஷி ஜகாவுல்லாவிடமும் அடிக்கடி சென்று, வாதிடுவதற்காக அல்ல, கேட்பதற்காக அமர்ந்தார். 1929ஆம் ஆண்டு அப்பெரியவரின் வரலாற்றை அன்போடு நூலாக எழுதினார்.

1906ஆம் ஆண்டு கல்லூரிக்குப் புதிய முதல்வர் தேவைப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு உழைத்த ருத்ராவுக்கே அப்பதவி உரியது. ஆனால் இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேய ஆசிரியர்கள் பணியாற்றுவதா என்னும் தயக்கம் எழுந்தது. ஆங்கிலேயராகிய ஆண்ட்ரூஸை அமர்த்தலாம் என்று கருதினர். வந்து இரண்டே ஆண்டுகளான ஓர் இளைஞருக்கு அது எத்தனை பெரிய கனம்! ஆண்ட்ரூஸ் அதை ஏற்கவில்லை. ருத்ராவைத் தள்ளி வேறொருவரை நியமித்தால் தாமும் கல்லூரியை விட்டு விலகுவதாக அறிவித்தார். ருத்ரா முதல்வரானார். இந்தியாவின் முக்கியமான மிஷன் கல்லூரி ஒன்றிற்கு இந்தியர் தலைவரானது அந்நாளில் புதுமை. 1923ஆம் ஆண்டுவரை அவர் அப்பொறுப்பைச் சிறப்புற வகித்தார்.

உலகம் இதைப் பலமாகக் கருதாது. போட்டியிட்டு முன்னேறுவதையே அது பலம் என்கிறது. ஆண்ட்ரூஸுக்கோ ஆளுவதில் நாட்டமில்லை. நிர்வாகத் திறமையும் அவரிடம் குறைவு. பொருட்களைத் தொலைப்பார், உடுத்திய சால்வையைக்கூட யாருக்கேனும் கொடுத்துவிட்டு வருவார், எளிதில் எவரையும் நம்பிவிடுவார். தலைமை நாற்காலிக்குத் தகாத இந்தக் குணங்களை அவர் அறிந்தேயிருந்தார். அதனால் வேறொருவரின் கீழ் நிற்பது அவருக்குக் கசப்பாயிருக்கவில்லை. அவர் ஒதுங்கி நின்றதனால் இந்தியத் திருச்சபைக்கு ஒரு கதவு திறந்தது.

மாணவர்கள் அவரை மிகவும் நேசித்தனர். சி.எஃப்.ஏ. என்னும் அவருடைய பெயரின் ஆங்கில முதலெழுத்துகளுக்கு, கிறிஸ்துவின் உண்மையுள்ள அப்போஸ்தலன் என்று அவரை அறிந்தவர்கள் பொருள் சொல்லிக்கொண்டனர்.

கூலியின் முகத்தில் கிறிஸ்து

1913ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திவந்த போராட்டத்திற்காகக் கோகலே நாடெங்கும் உதவி திரட்டினார். ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் அவரிடம் கொடுத்தார். பின்னர் தம்மையே கொடுத்து, நண்பர் பியர்சனுடன் கப்பலேறினார். அந்நேரம் இங்கிலாந்தில் அவருடைய தாய் நோயுற்றிருந்தார். தாயிடம் போவதா, கூலிகளிடம் போவதா என்னும் போராட்டம் அவர் உள்ளத்தைப் பிளந்தது. தென்னாப்பிரிக்காவுக்கே முதலில் செல்லும்படி தாயே விரும்பினார்.

1914ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆண்ட்ரூஸ், காந்தியடிகளை அடையாளம் கண்டவுடன் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் ஒருவர் இந்தியரின் காலைத் தொடுவதா என்று அந்நாட்டு ஐரோப்பியர் கொதித்தெழுந்தனர். அந்த மாதத்திலேயே தாயின் மரணச் செய்தி வந்தது. தாயை நேசித்த அளவுக்கு எவரையும் நேசித்திராத அவர், அந்தத் துயரத்தோடே காந்தியடிகளுக்கும் தளபதி ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு ஏற்படத் துணைநின்றார். அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தால், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மீது சுமத்தப்பட்டிருந்த மூன்று பவுண்டு வரி ஒழிந்தது.

1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். தோட்டத்திலிருந்து ஓடிவந்த கூலி ஒருவர், முதுகில் அடிபட்ட தழும்புகளோடு காந்தியடிகளிடம் தஞ்சம் புகுந்ததை ஆண்ட்ரூஸ் கண்டார். அவர் பரிவோடு அருகில் சென்றபோது, வெள்ளை முகத்தைக் கண்ட அம்மனிதர் அச்சத்தால் ஒடுங்கினார். அந்தப் பார்வை ஆண்ட்ரூஸின் இருதயத்தில் ஈட்டிபோல் பாய்ந்தது.

1915ஆம் ஆண்டு காலரா அவரையும் பற்றியது. பேசிலைக் கொண்டுபோன அதே நோய். மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். தளர்ந்துபோய், எழுந்து நடமாடவும் இயலாமல் கிடந்த அந்நாட்களில், நேட்டாலில் கண்ட அக்கூலியின் முகம் அவர் மனக்கண்முன் தோன்றிற்று. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது கிறிஸ்துவின் முகமாக மாறியதை அவர் உணர்ந்தார். வலிமையோடு ஓடிக்கொண்டிருந்த நாட்களில் கிடைக்காத தரிசனம், படுக்கையில் கிடைத்தது.

தேறியும் தேறாத உடலோடு, அவ்வாண்டிலேயே பியர்சனுடன் பிஜித் தீவுகளுக்குப் பயணமானார். 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903க்குப் பின் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. கூலி வரிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்களின் சீர்கேட்டையும், பெண்கள் பட்ட அவமானத்தையும், தற்கொலைகளின் பெருக்கத்தையும் இருவரும் நேரில் கண்டு அறிக்கையாக எழுதினர். அவ்வறிக்கை தேசத்தின் மனசாட்சியை அசைத்தது. 1916இல் இம்முறையை ஒழிக்கும் கொள்கையை அரசாங்கம் ஏற்றது. 1917இல் அவர் தனியாக மீண்டும் பிஜிக்குச் சென்றார். 1920ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் அங்கே ரத்து செய்யப்பட்டன. இப்பெரும் பணியில் பலருக்குப் பங்குண்டு. அவர்களுள் இந்த நோயாளி ஊழியரின் பங்கு சிறிதன்று. ஏழை மக்கள் அவரைத் தீனபந்து என்று அழைத்தனர். எளியோரின் உறவினன் என்பது அதன் பொருள்.

ஒளிக்கப்படாத போராட்டம்

அவருடைய பாதை தெளிந்த நீரோடையாய் இருக்கவில்லை. திருச்சபையின் சில கோட்பாடுகளை முழுமனதோடு அறிக்கையிட இயலாமல் தவித்தார். விசுவாசிக்காத ஒன்றை வாயினால் சொல்லக்கூடாது என்னும் மனசாட்சியால், 1914ஆம் ஆண்டு குருப்பணியை விட்டு ஒதுங்கினார். கேம்பிரிட்ஜ் மிஷனை விட்டு, தாகூரின் சாந்திநிகேதனைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். உடன் ஊழியர்கள் பலர் மனம் வருந்தினர். சிலர் அவரை வழிதவறியவர் என்று ஒதுக்கினர். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த அலைச்சலின் நடுவிலும் அவர் கிறிஸ்துவை விடவில்லை. அதிகாலையில் எழுந்து வேதத்தோடும் ஜெபத்தோடும் தனித்திருக்கும் பழக்கம் நின்றுபோகவில்லை. இறுதி ஆண்டுகளில் மீண்டும் குருப்பணிக்குத் திரும்பினார். தம் நண்பரான சாது சுந்தர் சிங்கைப் பற்றி 1934இல் அவர் எழுதிய நூல், அவருடைய உள்ளம் எங்கே வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

இந்தியருக்காகப் பரிந்து பேசினார் என்பதற்காகக் கென்யாவில் ஐரோப்பியக் குடியேறிகள் ரயில் பயணத்தில் அவரைத் தாக்கினர். திருப்பித் தாக்கும் பலம் அவருக்கு இல்லை. பகைக்கும் மனமும் இல்லை. துரோகிக்காக ஜெபித்த தந்தையின் பிள்ளையாகவே அவர் அந்த வன்முறையைச் சுமந்தார்.

நோயாளியின் அருகில் ஒரு நோயாளி

1924ஆம் ஆண்டு செப்டம்பரில், இந்து–முஸ்லிம் கலவரங்களால் மனம் நொந்த காந்தியடிகள், தில்லியில் மௌலானா முகம்மது அலியின் இல்லத்தில் 21 நாள் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். செய்தியறிந்த ஆண்ட்ரூஸ் தில்லிக்கு விரைந்தார். காந்தியடிகளின் பத்திரிகைப் பணியைத் தாம் ஏற்று, அவருடைய படுக்கையருகே காவல் இருந்தார். சிறுவயதில் தாயிடம் பெற்ற பராமரிப்பை இப்போது நண்பருக்குக் கொடுத்தார். காந்தியடிகளை மோகன் என்று பெயர்சொல்லி அழைத்த மிகச் சிலருள் அவர் ஒருவர்.

அக்டோபர் 8ஆம் தேதி உண்ணாவிரதம் முடிவுற்றது. திருக்குர்ஆனும் உபநிடதமும் ஓதப்பட்டன. ஆண்ட்ரூஸ், கிறிஸ்துவின் சிலுவையைத் தியானிக்கும் ஐசக் வாட்ஸின் ஞானப்பாடலைப் பாடினார். பகைமையால் பிளவுண்ட நகரத்தில், பல சமயத்தார் கூடிய அறையில், பிரசங்கமின்றி வாதமின்றி அன்று சிலுவை உயர்த்தப்பட்டது. அந்த அறைக்குள் அவரை அழைத்துச் சென்றது பதவியன்று, புலமையன்று. பிறர் துயரத்தைத் தாங்கமாட்டாத இருதயமே.

ஓட்டம் முடிந்தது

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோய் முற்றியது. கல்கத்தாவில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி, 69ஆம் வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவரது உடல் அந்நகரின் லோயர் சர்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வீடில்லை, சேமிப்பில்லை, மனைவி மக்களில்லை. ஆனால் நேட்டாலிலும் பிஜியிலும் இந்தியாவிலும் அவரைத் தங்கள் சொந்த உறவாக எண்ணி அழுதவர்கள் கணக்கற்றோர். 1971ஆம் ஆண்டு, அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தென் தில்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்னும் பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பான வாசகரே, ஆண்ட்ரூஸின் வாழ்வில் நோய் முற்றிலும் நீங்கவில்லை. உள்ளத்தின் மென்மையும் கடினப்படவில்லை. கேள்விகளும் ஒரே நாளில் தீரவில்லை. தேவன் அவரை வேறொரு மனிதராக மாற்றியபின் பயன்படுத்தவில்லை. இருந்தபடியே தம் கரத்தில் எடுத்துக்கொண்டார். நோயுற்றிருந்ததால் நோயுற்றோரை அறிந்தார். மன்னிப்புத் தேவைப்பட்டவராயிருந்ததால் எவரையும் தாழ்வாய் எண்ணவில்லை. ஆளத் தெரியாதவராயிருந்ததால் பிறருக்கு இடம்கொடுத்தார்.

உங்களை வெட்கப்படுத்துகிற பெலவீனம் எது? தளர்ந்த சரீரமோ, திக்குகிற நாவோ, எளிதில் கலங்கும் மனமோ, மறக்க இயலாத தோல்வியோ? அது நீங்கினபின் ஊழியம் செய்வேன் என்று காத்திருக்க வேண்டாம். அதே பெலவீனத்தினால் அழுதுகொண்டிருக்கும் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். பெலசாலிகள் கடந்துபோகும் அந்த வாசலில் நின்று பேச உங்களுக்குத் தெரியும். இன்று அதை மறைக்காமல் கர்த்தருடைய பாதத்தில் வையுங்கள். அவர் காட்டும் வாசலுக்குச் செல்லுங்கள். அவருடைய கிருபை உங்களுக்கும் போதுமானதாயிருக்கும்.